பட்டாளத்துப் படிப்பும் ஒரு தமிழ்த் தாளும்

பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்று சிலரைச் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் அந்த ரகம். எனக்கு அத்தை மகன்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்த முகம். அப்போதே நாலு கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும். பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனார். போன இடத்தில் ஒயர்லெஸ் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். செய்தி அனுப்புகிற வேலை. ஒரு வார்த்தை போதும் என்கிற இடத்தில் இரண்டு வார்த்தை போட்டால் அங்கே திட்டு விழுமாம். இருந்த கொஞ்சம் பேச்சும் அதோடு போயிற்று.

நான் அதற்கு நேர் எதிர். திருத்தங்கலில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் எனக்கு வேலை. எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். ஆபீஸுக்குப் போகிறேன் என்று நான் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் செய்தது கட்டை அடுக்குகிற வேலை. மரச் சட்டத்தில் குச்சிகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்தால், அதை அப்படியே மருந்தில் முக்குவார்கள். கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கும். சும்மா இருக்கிற வாயை நான் சும்மா விட்டதில்லை. காலையில் உட்கார்ந்து ஒரு கதையை ஆரம்பித்தால் மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போதுதான் கல்யாணம் நடக்கும். சாயங்காலம் மணியடிக்கும்போது பிள்ளை பிறக்கும்.

ஒரு லீவில் வந்து இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டு போனவர் பட்டாளத்திலிருந்து எழுதிய கடிதங்களைக் கேளுங்கள். 'நலம். குளிர் அதிகம். பணம் அனுப்பியுள்ளேன். அம்மாவைப் பார்த்துக்கொள்.' அவ்வளவுதான். மிச்ச இடமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். திருப்பிப் பார்ப்பேன், ஓரத்தில் பார்ப்பேன், ஒட்டுகிற மடிப்புக்குள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

ஒரு தடவை மட்டும் வேறு மாதிரி ஒரு கடிதம் வந்தது. 'நேற்று உங்கள் ஆபீஸ் தீப்பெட்டி பார்த்தேன். நலம்.' எங்கள் ஆபீஸ் லேபிளில் குடை பிடித்த குரங்கு ஒன்று இருக்கும். நாங்கள் அடுக்கிய குச்சி எங்கே போகிறது, யார் அடுப்பை மூட்டுகிறது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. லோடு ஏறும், போகும், அதோடு சரி. அந்தக் குரங்கு அவர் இருந்த இமயமலை வரைக்கும் போயிருக்கிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஆபீஸில் அத்தனை பேரிடமும் படித்துக் காட்டினேன். எங்கே பார்த்தீர்கள், யார் கையில் இருந்தது, பார்த்ததும் என்ன தோன்றியது என்று நீளமாக எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. 'மலையில்.'

கோபத்தில் ஒரு மாதம் நான் கடிதமே போடவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், எல்லையில் சண்டை முடிந்த பிறகு, பட்டாளத்துக்கு எழுதிக்கொடுத்த காலம் முடிந்து ஊருக்கு வந்து சேர்ந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கம்பளி, பளபளவென்று துடைத்த பூட்ஸ். வந்த வாரத்திலேயே சிவகாசியில் ஒரு வெடி ஆபீஸ் முதலாளி ஆள் விட்டு அனுப்பினார். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் பக்கம் ஒரே ஒரு வேலைதான், கேட்டில் காவல் நிற்பது. பழைய காக்கிச் சட்டையையே போட்டுக்கொள்ளலாம்; உள்ளே போகிறவர்களின் மடியில் பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். தீபாவளி வரைக்கும் அந்த இடத்தை அவருக்காக வைத்திருப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன்.

இவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அத்தையைப் பார்த்து, "காலேஜுக்குப் போகப் போறேன்" என்றார்.

அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "விருதுநகர் காலேஜுக்கா? அங்கன கேட்டுல நிக்கதுன்னா நெழலு உண்டு. வெடி ஆபீஸ் மாதிரி வெயில்ல காய வேண்டாம்" என்றார்.

"காவலுக்கு இல்லம்மா. படிக்க."

அத்தை என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். எங்கள் இரண்டு வீட்டிலும் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் கிடையாது. போன தலைமுறை வரைக்கும் மற்றவர்கள் காட்டில் களை எடுத்தவர்கள் நாங்கள். தீப்பெட்டி ஆபீஸ் வந்த பிறகுதான் மண்வெட்டியைக் கீழே வைத்தோம். இவரும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். ஆனால் பட்டாளத்தில் ராத்திரி வகுப்பு நடத்துவார்களாம். ஒவ்வொரு பரீட்சையாக எழுதி, கடைசியாக ஒரு சான்றிதழ் வாங்கியிருக்கிறார். அது பள்ளிக்கூடத்து எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம், காலேஜில் ஒப்புக்கொள்வார்கள் என்று அங்கே பாடம் நடத்தியவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இத்தனையும் நான் அவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கித் தெரிந்துகொண்டது. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கொலுசு போட்டு எடுக்கிற மாதிரி அவ்வளவு பாடு.

எனக்கு அன்றைக்கே பிடித்துப்போயிற்று. அவரை ஒரு கேட்டில் நிற்க வைத்துப் பார்க்க எனக்கு மனசில்லை. முப்பது வயது ஆளுக்கு இப்படி ஓர் ஆசை வந்ததே என்று பெருமையாகவும் இருந்தது. ஆனால் வாயைத் திறந்து கேட்க வேண்டிய இடத்தில் இவர் தனியாகப் போனால் காரியம் உருப்படாது என்று எனக்குத் தெரியும். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடவே ரயில் ஏறினேன்.

காலேஜ் அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா, "எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் எங்கே?" என்றார். அந்தக் காலத்தில் அது சின்னப் புத்தகமாகத்தான் இருக்கும். இவர் "இல்லை" என்றார். குமாஸ்தா அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். இவரும் விட்டால் திரும்பி நடந்திருப்பார். நான்தான் அந்தச் சான்றிதழைப் பிடுங்கி மேசைமேல் வைத்து, "இதையும் ஒரு கண்ணு பாருங்க ஐயா" என்றேன். அவர் பார்த்தார், தலையைச் சொறிந்தார், எங்களைப் பிரின்சிபாலிடம் அனுப்பிவிட்டார்.

பிரின்சிபால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை நிதானமாகப் படித்தார். இவர் விறைப்பாக நின்றார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பட்டாளத்தில் என்ன படிச்சீங்க?"

"பாடம், சார்."

"என்ன பாடம்?"

"எல்லாம், சார்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, இவுக மூணு பாஷை பேசுவாக. வரைபடத்தை விரிச்சு வச்சா மலை எங்கன ஏறுது, ஆறு எங்கன எறங்குதுன்னு சொல்வாக. ஒயர்லெஸ் பொட்டியைக் கழட்டித் திருப்பி மாட்டுவாக. இங்கிலீஷ்ல கணக்குப் போடுவாக. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்னு பட்டாளத்துல பழக்கிட்டாக, அதான் இப்படி நிக்காக" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

பிரின்சிபால் சிரித்துவிட்டார். என்னையும் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, ஆனால் அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை. "பல்கலைக்கழகத்துக்கு நானே எழுதிக் கேக்கிறேன். உங்களுக்கு அங்கே என்ன பயிற்சி குடுத்தாங்க, எவ்வளவு காலம்னு நீங்க ஒரு தாளில் எழுதிக் குடுங்க" என்றார். இவர் அங்கேயே நின்றபடி இங்கிலீஷில் நாலைந்து வரி எழுதிக் கொடுத்தார். பிரின்சிபால் படித்துவிட்டு, "இதில் எடுக்கவும் ஒரு வார்த்தை இல்லை, சேர்க்கவும் ஒரு வார்த்தை இல்லை" என்றார். எனக்கு வயிற்றெரிச்சல். எனக்கு எழுதியபோது அதே கஞ்சத்தனம் குற்றமாக இருந்தது, இங்கே வந்ததும் அது திறமையாகிவிட்டதே.

அந்தப் பிரின்சிபால் மட்டும் 'விதி இல்லை, போய் வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும். யாரோ ஒரு பட்டாளத்துக்காரனுக்காக மெனக்கெட்டு எழுதினார். பதில் வந்தது. பட்டாளத்துச் சான்றிதழ் பள்ளியிறுதிப் படிப்புக்குச் சமம்தான். புகுமுக வகுப்பில், அதாவது பி.யூ.சி.யில், சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பட்டாளத்துப் படிப்பில் தமிழ் இல்லை. ஆகையால் வருகிற செப்டம்பரில் எஸ்.எஸ்.எல்.சி. தமிழ்த் தாளை மட்டும் தனியாக எழுதித் தேற வேண்டும். தேறாவிட்டால் இடம் ரத்து.

நான் அப்பாடா என்றேன். தமிழ்தானே, தாய்ப்பால் மாதிரி உள்ளே இருப்பதுதானே என்று நினைத்தேன். அதில்தான் வந்தது வினை.

ஜூன் மாதம் இவர் காலேஜில் சேர்ந்தார். காலை ரயிலில் திருத்தங்கலில் ஏறி விருதுநகரில் இறங்குவார். மீசை முளைக்காத பையன்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஆசிரியர் உள்ளே வந்ததும் இவர் எழுந்து நிற்கிற வேகத்தைப் பார்த்துப் பையன்கள் முதலில் சிரித்தார்களாம். பிறகு அவர்களும் அதே மாதிரி எழுந்திருக்க ஆரம்பித்தார்களாம். 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டார்கள். ஊரில் சிலர் வேறு மாதிரி பேசினார்கள். "பட்டாளத்தான் பொண்டாட்டிய வேலைக்கு அனுப்பிட்டுப் பலகையில உக்காந்து படிக்கானாம்லே" என்று ஸ்டேஷனில் என் காது படவே ஒருவர் சொன்னார். "ஆமா, படிக்காக. நீங்களும் வந்து பக்கத்துல உக்காருங்க" என்றேன். அதன் பிறகு என் எதிரில் யாரும் பேசவில்லை. இவர் அதற்கெல்லாம் முகம் சுளித்ததே கிடையாது. ஒரு பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதற்கும் பட்டாளத்தில் பயிற்சி கொடுப்பார்கள் போலிருக்கிறது.

காலேஜ் தமிழாசிரியர் நல்லவர். பாட நேரம் முடிந்த பிறகு இவருக்காகத் தனியாக நேரம் ஒதுக்கினார். மனப்பாடப் பாட்டெல்லாம் இவர் இரண்டே நாளில் ஒப்பித்துவிட்டார். எழுத்துப் பிழையும் நின்றுவிட்டது. கட்டுரைதான் ஓடவில்லை. 'எங்கள் ஊர்க் கண்மாய்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னாராம். இவர் எழுதிக் கொடுத்ததை வீட்டில் நான் பார்த்தேன்.

'கண்மாய் ஊருக்கு வடக்கே அரை மைலில் உள்ளது. தற்போது தண்ணீர் இல்லை. ஆடு மேயலாம்.'

அதற்குக் கீழே தமிழாசிரியர் சிவப்பு மையில், 'எல்லாம் சரி. மீதி எங்கே?' என்று எழுதியிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"இம்புட்டுத்தானா மச்சான்? மூணு பக்கம் எழுதணுமாம்ல."

"கண்மாயில அம்புட்டுத்தான் இருக்கு."

"சொல்றதுக்கு வேற ஒண்ணுமே இல்லையாக்கும்?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார். "அங்கன ஒரு வார்த்தை கூடுனா அம்புட்டு நேரம் ஒயர்லெஸ் பொட்டி கூடுதலா ஓடும். பேட்டரி போகும். எதிராளி காதுலயும் விழும். பக்கத்து மலையில ஒருத்தன் நம்ம செய்திக்காகக் காத்துக் கிடப்பான். நான் வளத்துனா அவனுக்கு ஆபத்து."

சிரிப்பு எனக்கு அடங்கிவிட்டது. அந்த வெள்ளைக் கடிதங்களைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையெல்லாம் ஞாபகம் வந்தது. மனசில் ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை என்று நினைத்திருந்தேன். வார்த்தையை விரயம் செய்தால் ஓர் ஆள் செத்துப்போவான் என்று பழக்கி வைத்த கையிடம் போய் மூன்று பக்கம் எழுது என்றால் அது என்ன செய்யும்? பாவமாக இருந்தது. ஆனால் பாவப்பட்டால் பரீட்சை முடியுமா?

தமிழாசிரியர் ஒரு நாள் இவரிடம் பளிச்சென்று சொல்லிவிட்டார். "இப்படி எழுதினா தேற மாட்டீங்க. நீங்க எழுதுறதில் தப்பு இல்லை, ஆனா தப்பில்லாத வெள்ளைத் தாளுக்கு மார்க் போட எனக்கே வழியில்லை." வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்துவிட்டு, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் இந்தக் காரியத்தை என் கையில் எடுத்துக்கொண்டேன்.

காலேஜ் செலவுக்காக நான் சாயங்காலங்களில் வீட்டில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். மரச் சீவலை மடித்து, நீலத் தாளைச் சுற்றி, பசை தடவி ஒட்டினால் தீப்பெட்டிக் கூடு. அதைக் கட்டுக் கட்டாக ஒட்டி ஆபீஸில் கொடுக்க வேண்டும். ஒரு சட்டம் போட்டேன். நான் ஒரு கட்டு ஒட்டி முடிக்கிற வரைக்கும் அவர் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் நானும் ஒட்டுவதை நிறுத்திவிடுவேன். பேசி முடித்ததை அப்படியே உட்கார்ந்து எழுத வேண்டும்.

முதல் நாள் கண்மாய். நான் விரல் மடக்குவதற்குள் முடித்துவிட்டார்.

"ஆடு மேயலாம்னீகளே, யார் ஆடு?"

"மேலத் தெருவுல..."

"என்ன நிறம்?"

"அது தேவையா?"

"தேவைதான்."

"செவலை. ஒண்ணு நொண்டி."

"எப்படி நொண்டிச்சு?"

இப்படியே இழுத்தேன். சின்ன வயதில் அந்தக் கண்மாயில் அவர் முங்கிப்போனது, காதில் தண்ணீர் போய் ஒரு வாரம் கேட்காமல் இருந்தது, கருவேல முள் காலில் ஏறியது எல்லாம் வெளியே வந்தன. கட்டு முடிந்தபோது அவருக்கு வியர்த்து ஊற்றியது. பத்து மைல் மூட்டையோடு நடந்தாலும் இவ்வளவு களைப்பு வராது என்றார். ஆனால் உட்கார்ந்து எழுதினார். ஒரு பக்கம் வந்தது. அத்தை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "நீ முங்கிப்போனதை எங்கிட்ட இதுவரைக்கும் சொல்லலையேடா" என்று இருபது வருஷம் கழித்துத் திட்டினார்.

மறுநாள் ரயில். அப்புறம் பொங்கல். அப்புறம் வெயில். தினமும் காலேஜுக்குப் போய்வந்து, அந்தப் பாடத்தையும் படித்து, என்னிடமும் மாட்டிக்கொண்டு பேசினார். ஒரு நாள் கூட முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்கிற வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. பேச்சில் கஞ்சன், உழைப்பில் கர்ணன். ஒரு நாள் நான் மெல்ல, "இன்னைக்குத் தீப்பெட்டி. அந்த மலையில பாத்தீகளே, அதைச் சொல்லுங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டார். "அது கட்டுரை இல்லை" என்றார். எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. நானும் கோபத்தில் அன்று பெட்டி ஒட்டவில்லை.

செப்டம்பர் வந்தது. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம். ஊரெல்லாம் ஆர்டர், லோடு என்று பறந்துகொண்டிருந்தது. ஆபீஸில் லீவு கேட்டால் கடித்துக் குதறுவார்கள். கேட்டேன், குதறினார்கள், வாங்கிக்கொண்டு அவரோடு விருதுநகருக்குப் போனேன். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாம் எழுதி முடித்து வெளியே வந்தார்கள். இவரைக் காணோம். எல்லாரும் போன பிறகு கடைசியாக வந்தார். இடது கை விரலில் வெள்ளை நூல் ஒன்று சுற்றியிருந்தது. கூடுதல் தாள் வாங்கினால் கட்டுவதற்குக் கொடுக்கிற நூல்.

"கூடத் தாள் வாங்குனீகளா?" என்றேன்.

"வாங்கினேன். திரும்பவும் வாங்கினேன். மேற்பார்வை பாத்தவர் கோவிச்சுக்கிட்டார்."

எனக்குப் பூரித்துப்போயிற்று. இன்லண்டு லெட்டரில் கால்வாசிகூட நிரப்பாத மனுஷனா இது? அந்த நூலைக் கழற்றி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். அதற்குப் பிறகுதான், "எல்லாக் கேள்விக்கும் எழுதிட்டீகல்ல?" என்று கேட்டேன்.

"இலக்கணம் எழுதலை."

"ஏன்?"

"நேரமில்லை. கடிதத்துல நின்னுட்டேன்."

நடந்தது இதுதான். நீங்கள் மறக்க முடியாத ஒன்றை விவரித்து நண்பருக்குக் கடிதம் எழுதுக என்று ஒரு கேள்வி. ஒன்றரைப் பக்கம் எழுதினால் போதும். இவர் எழுத ஆரம்பித்து, தாள் வாங்கி, இன்னொரு தாள் வாங்கி, எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். மணி அடிக்கப் போகிறது என்று சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். இலக்கணப் பகுதி முழுக்க அப்படியே கிடந்திருக்கிறது.

ஸ்டேஷன் போகிற வழியெல்லாம் திட்டினேன். "வாயைத் திறங்கன்னா மடையைத் திறந்துட்டீகளே. வருசம் பூரா சொட்டுத் தண்ணி வராத குழாயி இன்னைக்குப் பாத்து ஊரை முக்கணுமா? எனக்கு அறிவிருந்தா எப்ப நிறுத்தணும்னும் சொல்லிக் குடுத்திருக்கணும்." அவர் கூடவே நடந்தார். நான் மூச்சு வாங்க நின்ற இடத்தில், "அப்படி எதைத்தான் எழுதுனீக?" என்றேன்.

"தீப்பெட்டி" என்றார்.

நடுரோட்டில் நின்றுவிட்டேன். வருஷக்கணக்காக நான் கேட்டது. கடிதத்தில் கேட்டேன், நேரில் கேட்டேன், பசைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். அதை முகம் தெரியாத எவரோ ஒரு வாத்தியாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ரயிலில் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்து வந்த நாட்கள் நெருப்பை மடியில் கட்டிக்கொண்ட மாதிரிதான். இலக்கணத்தை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டதும் தமிழாசிரியர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாராம். வெடி ஆபீஸ் முதலாளி, தீபாவளி நெருங்குகிறது, என்ன முடிவு என்று மறுபடி ஆள் அனுப்பினார். அத்தை, "அதையும் ஒரு வார்த்தை கேட்டு வையேன்" என்றார். இவர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலக் காலை ரயிலில் காலேஜுக்குப் போனார், நாளைக்கே பறிபோய்விடலாம் என்கிற இடத்தில் உட்கார்ந்து ஒழுங்காகப் பாடம் படித்தார். பூட்ஸைத் துடைப்பதைக் கூட ஒரு நாள் விடவில்லை. அவர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த நிதானத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். நானாக இருந்தால் ஊரையே இரண்டாக்கியிருப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் ஆபீஸில் எல்லோரும் தூக்கைத் திறந்த நேரம். கேட்டில் இவர் நின்றார். காலேஜிலிருந்து நேராக வந்திருக்கிறார். பெண்கள் எல்லோரும் கையில் சோற்றோடு பார்த்தார்கள்.

"பாஸ்" என்றார்.

"இம்புட்டுத்தானா?" என்றேன்.

அவர் நின்று யோசித்தார். அத்தனை பெண்களுக்கு நடுவே, "மார்க்கு தொட்டும் தொடாமத்தான். ஆனா சீட் நெலைச்சிருச்சு. நீ ஒட்டுன பெட்டி வீண் போகலை" என்றார். என்னோடு கட்டை அடுக்குகிறவள் ஒருத்தி, "அண்ணன் இம்புட்டுப் பேசுவாகளாக்கும்" என்றாள். அன்று ஆபீஸில் யார் யார் தூக்கிலிருந்து எதை எடுத்து என் தட்டில் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு இவர் பி.ஏ. வரைக்கும் படித்தார், சர்க்கார் உத்தியோகமும் பார்த்தார். ஆனாலும் அந்த ஒரு தமிழ்த் தாளில் தேறியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அன்று சாயங்காலம் சொல்லிவிட்டேன். "அந்தக் கடிதாசி எனக்கு வேணும். ஒரு வரி குறையப்படாது."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினார். நான் பக்கத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்து என் கையில் கொடுத்தார். அதில் இப்படி இருந்தது.

'மலையில் ஒரு சிறு கடை. குளிருக்குக் கை விறைத்திருந்தது. கடைக்காரர் நீட்டிய தீப்பெட்டியில் குடை பிடித்த குரங்கு. எனக்கு ஒரு நிமிடம் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை. கூட வந்தவர்கள் பீடிக்காக உரசினார்கள். ஈரத்தில் பாதிக் குச்சி பற்றவில்லை. ஒருவன் அந்தக் குச்சியைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். எதற்கு அடிக்க வருகிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இந்தக் குச்சிகளில் எதை அவள் அடுக்கினாளோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசிக் குச்சியை யாருக்கும் கொடுக்கவில்லை. பெட்டியை முகர்ந்து பார்த்தால் எங்கள் ஊர்ப் பசை வாசனை அடித்தது. அன்று என் ஒயர்லெஸ் பெட்டியிலிருந்து எத்தனையோ இடத்துக்குச் செய்தி அனுப்பினேன். திருத்தங்கலுக்கு மட்டும் அனுப்ப வழியில்லை...'

இன்னும் நிறைய இருந்தது. அந்தக் குச்சியோடு பெட்டியை மாதக்கணக்கில் சட்டைப் பையில் வைத்திருந்தது, ஓர் ஆற்றைக் கடக்கும்போது நனைந்து கூழானது, அதற்காக வருத்தப்பட்டது எல்லாம். நான் படித்து முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். மேலே 'அன்புள்ள நண்பருக்கு' என்று இருந்தது.

"பொண்டாட்டிக்கு எழுதுற கடிதாசியில இப்படியா போடுவாக?" என்றேன்.

"பரீட்சையில அப்படித்தான் கேட்டிருந்தாக. நண்பர்ன்னதும் எனக்கு வேற யாரும் ஞாபகம் வரலை. மாத்தவா?"

"வேண்டாம். இருக்கட்டும்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் காத்திருந்தார். எனக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

"இம்புட்டுத்தானா?" என்றார்.